பதினேழு பக்கம்

பாடாங் செராய், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே சுத்தியல் நின்றால்தான் எனக்கு மூளை ஓடும்.
அறுபது லட்சம் பக்கம் இந்தப் பெட்டிக்குள்:
மூடிப்போன தோட்டங்களின் செக்ரோல், கிளினிக் ரிஜிஸ்டர்,
பால் கணக்கு, அபராதக் கணக்கு,
கிராணிமார் இங்கிலீஷில் நசுக்கி எழுதிய நம் பெயர்கள்.

சொல்லுக்கு ஒரு பட்டியல்.
அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில், எண் வரிசையில்.
தேடுபொறி என்பது அவ்வளவுதான்.
மந்திரம் என்பவருக்கு நான் தே ஓ வாங்கித் தருவதில்லை.

தவமணி வந்தது செவ்வாய்க்கிழமை,
கையுறைத் தொழிற்சாலை நைட் ஷிப்ட் முடிந்து,
விரல் இடுக்கில் வெள்ளை மாவு போகாமல்.
நாற்பத்து மூன்று வயது. சிவப்பு ஐ.சி.
அம்மா பெயர் லெட்சுமி.

லெட்சுமி: நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு பக்கம்.
பொறி மேலாக இருந்த பத்தை அள்ளியது.
யார் எதைப் பார்க்கலாம் என்று
அப்புறம்தான் யோசித்தது.
பிரசவப் பதிவுகள் பூட்டியவை;
அம்மா மரம் சீவிய தோட்டத்தது மட்டும் இவளுக்குத் திறக்கும்.
பத்தும் வேறு தோட்டத்து லெட்சுமிகள்.
பத்தும் உதிர்ந்தன.
திரையில்: முடிவுகள் இல்லை.

"சரி" என்று ஹெல்மெட்டை எடுத்தாள்.
எத்தனையோ கவுன்டரில் தேய்ந்து வழவழப்பான சரி.
"இருங்க. இல்லைன்னு சொன்னது
நான் எழுதின ஒரு வரி.
புத்தகம் இன்னும் ஒன்னும் சொல்லல."

அன்று ராத்திரி வரிசையை மாற்றினேன்.
வடிகட்டுவது என்றதும்
பால் ஸ்டோர் சல்லடை ஞாபகம் வரும். தப்பு.
சல்லடை எல்லாச் சொட்டையும் தொடும்.
அறுபது லட்சத்தையும் தொட்டால் பெரட்டுக்கு மணி அடித்துவிடும்.
தொடாமல் விடத் தெரிய வேண்டும்.
அனுமதி முதலில்: பக்கத்துக்கு ஒரு புள்ளி, ஒன்றோ பூஜ்யமோ,
எல்லாம் சேர்ந்தும் ஒரு கைபேசிப் படத்துக்குக் காணாது.
அடுத்து, இருப்பதில் குட்டைப் பட்டியலை முன்னால் நிறுத்து.
நீளமானது அதன் பின்னால் தாவட்டும்,
நடக்க விடாதே.

எது குட்டை?
புதன் காலை கேட்டேன், அம்மா வேறென்ன சொல்வாங்க.
மழையாம். லாரி வரலையாம். மூன்றாம் டிவிஷனாம்.
எல்லாம் நீளம். மழைக்கு எந்த ரிஜிஸ்டரிலும் பஞ்சமில்லை.
"டிரஸர் ஒரு மலையாளத்தார். குஞ்ஞம்பு.
கோவம் வந்தா சோடா போத்தல ஒடைப்பாராம்."

சோடா போத்தல் என் பெட்டியில் இல்லை.
குஞ்ஞம்பு இருந்தார்.
பதினேழு பக்கம்.

பதினேழின் மேல் ஒரு விரல்,
நாற்பத்தோராயிரத்தின் மேல் ஒரு விரல்.
பின்தங்கிய விரல் தாண்டும்,
ஐநூறு, ஆயிரம், அநாயாசமாக,
நடுவில் கிடக்கும் பெண்களை ஏறிட்டும் பாராமல்.
பதினோரு மில்லிசெகண்ட்.
முடிவுகள் இல்லை.

அவள் இந்தத் தடவை சரி சொல்லவில்லை.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இவ்வளவு வேகமாக நான் தப்பு செய்ததே இல்லை.

பிறகு அந்தப் பெயரை அழித்தேன்.
பதினேழுக்குப் பொறி எதற்கு,
கண் இருக்கிறது.
ஒன்பதாம் பக்கம், சாய்ந்த கையெழுத்து:
லக்ஷ்மி.
கிராணி காதுக்கு லெட்சுமி, டிரஸர் காதுக்கு லக்ஷ்மி.
மூன்றாம் டிவிஷன். பெண். உயிருடன்.
குழந்தை பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

இரண்டு நகல் கேட்டாள்.
ஒன்று பதிவு இலாகாவுக்கு. மற்றது எதற்கென்று நான் கேட்கவில்லை.
பிரிண்டர் சூடாகிற நேரத்தில்
மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாய் நகர்த்தினாள்.
அஞ்சலை. பெண். உயிருடன்.
ரெங்கம்மா. ஆண். இல்லை.
பொன்னுருவி. இரட்டை.
"இவங்கள யாரும் தேடலியா?"
"தேடினாத்தான் வரும்க்கா."

ஷிப்ட் அட்டையைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள், பொடி எழுத்தில்.
கீழே சுத்தியல் தொடங்கியது.
பன்னிரண்டாவது பெயரில் மை நின்றது.
என் பேனாவைக் கொடுத்தேன்.