நானே எனக்குத் தந்த வேலை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடையில் வைத்து
முதலாளி ஆனேன்.
மேலே களியக்காவிளைக்குப் போகும் லாரிகள்
இரும்பு இணைப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம்
மேசையும் கையெழுத்தும் கொஞ்சம் ஆடின.

முதல் கையெழுத்து, நிர்வாக இயக்குநர்.
அடுத்தது, பணியாளர்.
ஒரே பேனா, ஒரே ஷாஜின் செல்வதாஸ்.
சம்பளம் எவ்வளவு போட என்று கேட்டான்
ஏஜெண்ட் விபின்.
சட்டம் விடுகிறதில் ஆகக் குறைந்ததைப் போடு
என்றது ஒரு நான்.
மற்ற நான் வாய் திறக்கவில்லை.
தம்மாமில் பதினோரு வருசம்
வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால்
பழகிய வாய்.

ஊர் வார்சா.
ஆபீஸ் நாலாவது மாடியில் ஒரு தபால்பெட்டி.
அதே பெட்டிக்குள் இன்னும்
முந்நூற்றிச் சொச்சம் கம்பெனி குடியிருக்கிறதாம்.
எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் அண்டியாபீஸ்தான்.
மெர்சலின் தினமும் அங்கே போய்
விரல்நுனி கறுத்து வருகிறாள்.
"ஒங்க ஆபீஸில தல்லணுமா, தோலு உரிக்கணுமா?"
என்று கேட்டுவிட்டு
மரச்சீனியை வடித்தாள்.

பெயர் வேண்டும் என்றார்கள்.
எங்கள் வீட்டுப்பெயரையே கொடுத்தேன்: பாறவிளை.
அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏறி இறங்கியதில்
'ற' மெலிந்து, 'ள' வழியிலேயே தொலைந்து
அது யாரோ ஒரு பெண்ணின் பெயர்போல ஆகிவிட்டது.
தொழில்: கிராம்பு இறக்குமதி.
இதுவரை இறங்கியது
மாறாமலைச் சரக்கு ஒன்றரைக் கிலோ.

அப்புறம்தான் விபின் மெதுவாகச் சொன்னான்.
உமக்கு வேலை அனுமதி வேணுமெங்கில்
உம்ம கம்பெனி
அந்த ஊர்க்காரர் ரெண்டு பேருக்கு
ஒரு வருசம் வேலை கொடுத்திருக்கணும் ஓய்.

வேலை தேடிப் போகிறவன் கையால்
வெள்ளைக்காரருக்கு வேலை.
நாற்பது சென்ட் ரப்பரை ஒற்றிக்கு வைத்தேன்.
யோலாந்தா, தாரெக்.
மாதா மாதம் ஒன்றாம் தேதி
திங்கள்சந்தையில் அடகுச்சீட்டு எழுதிய பணம்
ஸ்வாட்டியாகி அவர்கள் கணக்கில் விழும்.
தாரெக் நன்றி என்று ஒரு சொல் அனுப்புவான்.
யோலாந்தா கிறிஸ்மஸுக்குப் படம் அனுப்பினாள்:
ஒரு ஆரஞ்சு, அதில் வரிசையாக
ஆணி அடித்தது மாதிரி எங்கள் கிராம்பு.
வரிசை கோணாத வேலை.
வெல்டராகியிருந்தால் பிழைத்திருப்பாள்.

நேற்று அவள் எழுதியதை
போன் தமிழாக்கித் தந்தது:
'மதிப்பிற்குரிய தலைவரே, என் மகள்
நார்வேக்கு மீன் வெட்டும் வேலைக்குப் புறப்படுகிறாள்.
வழியனுப்ப எனக்கு இரண்டு நாள்
விடுப்பு தயவாக வேண்டும்.'

வெளியே
குளச்சல் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.
நான் வாசலிலேயே நின்றேன்.
யாரும் என்னிடம் இதுவரை
எதற்கும் அனுமதி கேட்டதில்லை.
தம்மாமில் அப்பா இறந்த சேதி வந்த அன்று
நான் கேட்டேன்.
ஷட்டவுன் முடியட்டும் என்றார்கள்.

அனுமதிக்கப்பட்டது என்று அடித்தேன்.
அழித்து,
போய் வாருங்கள் என்று அடித்தேன்.

"சம்பளத்தோடயா?"
மெர்சலின் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.
ஆமா என்றேன்.
அரைநாள் பிந்தினால் கூலி வெட்டுகிற இடத்திலிருந்து
வந்தவள்
விரல்களைத் தேங்காய்எண்ணெயில் தேய்த்தபடி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"ஒங்க பெர்மிட்டு வரும்பம்
எனக்கும் ரெண்டு நாள் லீவு
எழுதித் தாரும் மொதலாளி."

சிரித்தாள்.
லெட்டர்பேடை எடுத்துப் பெயர் எழுதினேன்.
தேதியை விட்டேன்.
காரணம் என்கிற இடத்தையும்
வெறுமனே விட்டேன்.