இரவல் நாடி

உறையைக் கிழித்தேன். எனக்கு வந்தது ‘ஆ’ குழு.
நாற்காலியில் உட்கார்ந்து
பச்சை ரப்பர் பட்டையை இழுப்பவர்கள்.
‘அ’ குழுவுக்கு வேகநடை.
வாரம் நான்கு நாள், நாற்பது நிமிடம்.
மூச்சு வாங்க வேண்டும், பேச்சு நின்றுவிடக் கூடாது.
ஓராண்டு கழித்து இரண்டு குழுவின் மூளையையும்
படமெடுத்துப் பார்ப்பார்களாம்.

குலுக்கல்தானே, வருத்தப்படாதீர்கள் வெல்தா
என்றாள் ஆய்வகத்து ஸானே.
முப்பத்தோரு ஆண்டு ரீகாவில் டிராம் ஓட்டியவள் நான்.
உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றியவள்.
எழுபத்திரண்டில் இன்னொரு நாற்காலி.

நான் இதில் சேர்ந்த காரணத்தை
எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.
போன வசந்தத்தில் ஒரு நிறுத்தத்தில் இறங்கினேன்.
ஆயிரம் ஆயிரம் முறை
ஒலிபெருக்கியில் நானே சொன்ன பெயர்.
பலகையைப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

மேல்மாடி விஸ்வால்டிஸுக்கு ‘அ’ கிடைத்தது.
குப்பையைக் கொட்டவே
நாள் பார்த்துப் படியிறங்குகிற மனிதர்.
நாடியை எண்ணி எண்ணி ஆய்வகத்துக்கு அனுப்பும்
கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிவிட்டிருந்தார்கள்.
இரண்டாம் வாரம் என் கதவைத் தட்டினார்.
கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்,
பக்கத்தில் ஒரு பொட்டலம், புகையூட்டிய மீன்.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
மீனை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

இப்படித்தான் என் இதயம்
அவர் பெயரில் துடிக்கத் தொடங்கியது.

முதலில் விளக்குக் கம்பத்திலிருந்து விளக்குக் கம்பம்வரை.
பிறகு பாலத்தில் பாதி. தௌகவா கீழே உறைந்து கிடந்தது.
காலணிக்கு அடியில் முள்பட்டை,
கறக் கறக் என்று பனியைக் கடித்துக்கொண்டு.
பேச்சு நிற்கக் கூடாதே, துணைக்கு யாருமில்லையே,
நிறுத்தங்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.
நாய்கூட்டிப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மார்ச்சில் ஒருநாள் யூக்லாவின் கடைசி நிறுத்தம் வந்தது.
அங்கே தண்டவாளம் வட்டமடித்துத் திரும்பும்.
முப்பத்தோரு ஆண்டும் நான் திரும்பிய இடம்.
கால் திரும்பவில்லை.
பைன் மரங்கள், சேறு,
அதைத் தாண்டி ஏரி இருந்தது.
இவ்வளவு பக்கத்தில்.

வருட முடிவில் படமெடுத்தார்கள்.
நினைவைப் பார்த்துக்கொள்வது
கடல்குதிரை மாதிரி ஒரு சின்னத் துண்டாம்.
விஸ்வால்டிஸுடையது வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் சுருங்கியிருந்தது,
நாடிக் கணக்கில் குழுவிலேயே அவர் முதல் என்றாலும்.
என்னுடையது இருந்தபடி இருந்தது.
பதினைந்து சொல் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள்.
போன வருடம் ஒன்பது சொன்னேன், இந்த வருடமும் ஒன்பதுதான்.

ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது வெல்தா,
எல்லோரையும் சேர்த்தால்தான் தெரியும் என்றாள் ஸானே.
அந்த ‘எல்லோரையும்’ நினைத்தபோதுதான் உறுத்தியது.
சொல்லிவிட்டேன். கடிகாரம், பாலம், மீன்.
அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு வரிகளை அடித்தாள்.
உறைபனியிலுமா நடந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

கடிகாரம் திரும்பிப் போய்விட்டது.
விஸ்வால்டிஸ் இன்னும் வெள்ளிதோறும் மீன் தருகிறார்,
எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.
நான் நடக்கிறேன். யாரும் எண்ணுவதில்லை.

நேற்று ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது
பத்தாவது சொல் வந்துவிட்டது.
எங்கிருந்தோ, முழுசாக, மண்ணோடு.
நின்று ஆய்வகத்துக்குப் போன் போட்டேன்.

தேர்வு முடிந்து மூன்று வாரமாகிறதே என்றாள் ஸானே.
தெரியும் என்றேன்.
அந்தப் பக்கம் ஏதோ அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு அவளே, குரலைத் தாழ்த்திக்கொண்டு,
சரி, எந்தச் சொல்?

முள்ளங்கி என்றேன், மூச்சு வாங்க.