பூச்சியம் முதல் பத்து வரை

வினாக்கொத்தைக் கொழும்பில் தமிழாக்கியிருந்தார்கள்.
முதல் தாளில் தடித்த எழுத்தில்: வாழ்க்கைத் தரம்.
திருக்கடலூரில் அதை வாசித்ததும்
அமலதாசின் மனைவி
"மூத்தவள் தரம் ஒன்பது, சின்னவன் தரம் நாலு" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும்.
மணலில் புதைந்த என் நாற்காலியை
இரண்டு பெடியள் தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள்,
சில்லில் ஒட்டிய சிப்பித்தூள்
அவள் கூட்டின நிலமெல்லாம்.

எனக்கும் பத்தாம் முள்ளுக்குக் கீழே
ஒன்றும் தெரியாது.
ஹபரணை வீதி, கவிழ்ந்த பஸ்.
அதற்காகத்தான் இந்த வேலை தந்தார்கள்.
கழுத்து அட்டையில் 'சகபாடி நேர்காணலாளர்.'

அவர் அட்டைக்கு இறங்கினவர்.
ஒரே நாளில் நாலாவது சிலிண்டர்,
மேலே ஏற அவசரம்.
"சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி
இரத்தத்துக்குள்ள நுரைச்சிருக்கு எண்டு
டொக்டர் சொன்னவர், தங்கச்சி.
நான் நினைச்சன் கால் விறைச்சுப்போச்செண்டு."

கேள்வி ஒன்று.
கடந்த நான்கு வாரங்களில்
உங்கள் வாழ்வில் எவ்வளவு திருப்தி,
பூச்சியம் முதல் பத்து வரை?

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"பத்து" என்றார், உரத்து.

துருவல் மறுபடி தொடங்கியது.
பிறகு அவள் வாளியோடு பைப்படிக்குப் போனாள்.
அவர் குனிந்தார்: "இப்ப அதை அழிச்சு
நாலு போடுங்கோ."

பேனையால் எழுதியிருந்தேன்.
வெட்டினால் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது விதி.
வெட்டவில்லை. பத்துக்கு அருகே
ஒரு நாலை எழுதினேன்.

கழிப்பறைக் கதவு இருபத்தைந்து அங்குலம்.
நாற்காலி இருபத்தைந்தரை.
பதினொரு மாதம் அவர் வாசலில் இறங்கி
கையூன்றி இழுபட்டுத்தான் போய் வந்திருக்கிறார்,
குதிகாலில் புண் வந்தது அப்படித்தான்.
பிறகு மைத்துனன் நிலையைச் செதுக்கிக் கொடுத்தான்.
அந்த அரை அங்குலத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், எழுத்து சாய்ந்து
அடுத்த கேள்விக்குள் போய்விட்டது.

பதினேழாம் கேள்வி
கணவன் மனைவி உறவு பற்றியது.
நல்ல தமிழ், சுத்தமான தமிழ்,
யாரும் யாரிடமும் பேசாத தமிழ்.
மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை முனகியது.
"தாண்டுவமா?" என்றேன்.
"உங்கட தாளில நீங்கள் என்ன போட்டனீங்கள்?"

தொண்ணூற்றொன்பது.
பதிலில்லை என்பதற்கான குறியீடு.
சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார்,
சொன்னது போல.

முடிக்கும்போதுதான் கேட்டார்:
"கடலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே?"

ஞாயிறுகளில் அதே மைத்துனன்
தோளில் தூக்கிப் போய்
நெஞ்சளவுத் தண்ணீரில் விடுவானாம்.
கால்கள் தாமாகவே மிதந்து வருமாம்,
வேறு யாரோ ஒருவர்
பக்கத்தில் மல்லாந்து கிடப்பது மாதிரி.
நாலு நிமிசம்.
அதற்குள் உதடு நீலமாகும்,
கரையில் நின்று அவள் கத்துவாள்.

"நாலு நிமிசத்தை நாலு கிழமையாலே பிரிச்சா
எவ்வளவு வரும் தங்கச்சி?"

திரும்பும் வழியில், கோட்டைக்கருகே
மான்கள் வீதியை மறித்துப் படுத்திருந்தன.
ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், ஏசினார்,
பிறகு பீடி பற்றவைத்தார்.
ஒரு பெண்மான் எழும்பியது,
பின்னங்கால்கள் முதலில்,
முன்னங்கால்கள் இன்னும் முழங்காலில்.
கவனித்துக்கொண்டே இருந்தேன்.
நாலு மணித்தியாலம் கடந்துவிட்டதை
மார்பில் ஏறிய சூடு சொன்னது, தலையிடி சொன்னது.
வெளிவேலை நாட்களில்
நான் தண்ணீர் குடிப்பதில்லை. என்றாலும்.

அலுவலகத்தில் தரவு பதியும் நிவேதன்
தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்:
"அக்கா, இது பத்தா, நாலா?
கொம்பியூட்டர் ஒண்டைத்தான் எடுக்கும்."

"முதல்ல அந்தக் கதவைப் பிடி" என்றேன்.
"முழுசாத் திற."