பின்கியர்

வூச் நகரத்து டிராம் பணிமனைக்குப் பின்னால்
வரிசையாகப் பதினேழு தகரக் கொட்டகைகள்.
ஒன்பதாவது போகுமிலாவுடையது.
அக்டோபரில் ஆரம்பித்தோம்.

கார் என்று சொல்ல எனக்கே வாய் கூசும்.
உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும்.
போலந்து முழுக்க அதற்குப் பொடியன் என்றுதான் பெயர்.
எண்பத்து மூன்றில் பிறந்த பொடியன்,
போகுமிலாவைவிட ஆறு மாதம் மூத்தவன்.

பின்பக்க மூடியைக் கழற்றி
பழைய எஞ்சினை இருவருமே தூக்கி இறக்கினோம்.
இரண்டு சிலிண்டர், இருபத்து நான்கு குதிரை,
அதில் பாதி நொண்டி.

புதியது, விபத்தான ஒரு சுசுகி பைக்கினுடையது.
விற்றவன் ஓட்டியவனைப் பற்றிச் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
இடது உறையில் தார் உரசிய நீளமான கீறல்.
அதன்மேல் மட்டும் அவள் பெயின்ட் அடிக்கவிடவில்லை.
நூற்றைம்பது குதிரை.

எஞ்சினை உள்ளே வைப்பதுதான் சுலபம்.
அது வந்து உட்கார்ந்ததும்
மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறின:
பிரேக், அச்சு, சக்கர நட்டு,
காகிதம்போல் இளைத்துக் கிடந்த தரைத்தகடு.
காற்றிலேயே ஆறிப் பழகிய வண்டிக்குத் தண்ணீர் புதுசு.
ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால்,
நடுவில் எங்கள் குதிகால்களுக்கு இடையே
கொதிக்கிற இரண்டு குழாய்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள்.
இரவுப் பணி முடிந்து நேரே வருவாள்,
நான் வைத்த வெல்டிங்கை
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து
'இது எலும்பானால் திரும்ப உடைத்துச் சேர்ப்பார்கள்' என்பாள்.
உடைத்தேன். சேர்த்தேன்.

மே மாதம், ஞாயிறு, காலை ஆறு மணி.
சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆடிக்காரன்
எங்களைக் குனிந்து பார்த்துச் சிரித்தான்.
பச்சை விழுந்தது.
அப்புறமும் சிரித்தானா தெரியாது,
முகம் தெரிகிற தூரத்தில் அவன் இல்லை.
மூன்றாம் கியரில் என் மூக்குக்கண்ணாடி முகத்தோடு ஒட்டியது.
நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று
எனக்கே கேட்கவில்லை.

பேக்கரிச் சந்தில் திரும்பினோம்.
எதிரே ரொட்டி வேன், வழியை அடைத்துக்கொண்டு.
'பின்னால் எடு.'
அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்குக்கு ஏது பின்கியர்?
தெரியும்தான், முதல் நாளே தெரியும் இருவருக்கும்.
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த
பெரிய மூட்டையில் அதுவும் ஒன்று.

இறங்கித் தள்ளினோம்.
ரொட்டிக்காரரும் வந்து கைவைத்தார்,
கையெல்லாம் மாவு.
பானெட்டில் அவருடைய பத்து விரலும்
வீடு வரைக்கும் வந்தன.

தகுதிச் சோதனையில் க்ஸாவெரி என்கிற அதிகாரி
ஒரே ஒரு கேள்வி கேட்டார்.
போகுமிலா கதவைத் திறந்து
இடதுகாலைத் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்தினாள்.
வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.
அவர் முத்திரையை எடுத்து
மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மூன்று வாரம் யோசித்தோம்.
பிறகு மூலையில் கிடந்த பழைய எஞ்சினிலிருந்து
அதன் ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் கழற்றி,
ஒரு பல்சக்கரத்தோடு அச்சில் கோத்து,
பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுத்து,
ஒரு அழைப்புமணி பட்டனும் வைத்தோம்.

அழுத்தினால்
மாவரைக்கிற மெஷின்போல முனகிக்கொண்டு
நடந்துபோகிற வேகத்தில்
பின்னால் வருகிறது பொடியன்.
நூற்றைம்பது குதிரையும் அப்போது சும்மா நிற்கும்.

முத்திரை கிடைத்தது.

பழைய எஞ்சினின் மிச்சம் இப்போது
கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல்
முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.
வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம்
அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கிறது.
கனம்தான்.