பத்துக் கிலோ அரிசி

யீஷூன் சைக்கிள் கடை.
நூற்றிருபது வெள்ளிக்கு மேல் ஒரு காசும் இல்லை.

சிவப்பு வண்டி அழகுதான்.
குறுக்குக் கம்பி உயரம்.
பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்க
காலை எங்கே வீசி ஏறுவது?

மடக்குகிற வண்டி
எவ்வளவும் தாங்கும் என்றார் மிஸ்டர் கோ.
லேசாகத் தட்டினேன்,
சாய்ந்தது.

மூலையில் ஒன்று, யாரோ ஓட்டிச் சலித்தது.
மணியில் துரு.
தாழ்ந்த கம்பி, இரட்டைக்கால் ஸ்டாண்ட்.
வழியில் வாங்கிய அரிசிப் பையைக்
குழந்தை இருக்கையில் வைத்து
வார் பூட்டினேன்,
கையை எடுத்தேன்.
நின்றது.

"அது என்னோட சீட்!"
அரிசியைப் பார்த்து அழுதாள் யாழிசை.

பத்து வெள்ளி குறைத்துக்கொண்டார் கோ.

இப்போது அரிசி முன்கூடையில்.
கால்வாயோரப் பாதையில்
பின்னாலிருந்து ஓயாத கேள்விகள்.
பாலம் தாண்டியதும் பேச்சில்லை.
முதுகில்
மெல்ல வந்து முட்டுகிறது
ஒரு ஹெல்மெட்.