கையுறை விரல்கள்

சிக்ஸ்டன் ஆல்மார்க் போய்விட்டார் என்று
பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும்போது
ரேடியோ சொன்னது. தொண்ணூற்று மூன்று வயது.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
'தொலைநோக்காளர்' என்றது.
எனக்கு நினைவு வந்ததோ அவருடைய இடது கை.

எழுபத்தொன்பது ஜனவரி.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
கதவுப் பிரிவுக்குள் வந்தார்.
என் பெஞ்சில் கிடந்த புதுக் கைப்பிடியைக்
கம்பளிக் கையுறையோடே இழுத்தார்.
வழுக்கியது.
மறுபடி இழுத்தார்.
பொறியாளர்கள் காற்றுத்தடை பற்றிச் சொன்னார்கள்,
விலை பற்றி இன்னும் அதிகமாக.
"கிருனாவில் ஒருத்தி நிற்கிறாள்,
இருட்டு, இடுப்பில் பிள்ளை.
கையுறையைக் கழற்று என்று
அவளிடம் யார் போய்ச் சொல்வது?
நீங்களா?"

பதினோரு வாரம். நாற்பத்திரண்டு மாதிரிகள்.
கடைசியில் வந்தது
கரண்டிக் காம்பு போலத் தடித்த ஒன்று.
பத்திரிகைகள் சிரித்தன.
மூன்றாம் குளிர்காலத்தில்
போட்டிக் கம்பெனிக்காரன்
ஸ்கேலோடு வந்து அளந்துகொண்டு போனான்.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
தொண்ணூற்றொன்றில் பெயிண்ட் ஷாப்பை மூடிய கடிதத்திலும்
அதே இடது கைதான்,
இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.
அறுநூற்றுப் பதினேழு பேர்.
பதினெட்டு வருஷம் வண்டிகளுக்குப் பச்சை அடித்த
என் ரைலியும்.
அவள் கடிதத்தை எட்டாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு
முட்டுக் கொடுத்தாள்.
"நல்ல கெட்டித் தாள்" என்றாள்.
மேஜை இன்றுவரை ஆடவில்லை.

அடக்கத்துக்கு நான் போனேன்.
ரைலி வரவில்லை,
என் கோட்டை மட்டும் பிரஷ் போட்டுக் கொடுத்தாள்.

மந்திரி வந்திருந்தார். ஆற்றிலிருந்து காற்று.
அமரர் ஊர்தி புத்தம் புதுசு.
கைப்பிடி தகட்டோடு தகடாய்ப் பதிந்து,
தொட்டால் வெளியே வருகிற ஜாதி.
வரவில்லை. பனி இறுக்கியிருந்தது.
டிரைவர் பையன் ஊதிப் பார்த்தான்,
முஷ்டியால் இரண்டு குத்து,
பிறகு பல்லால் கடித்து
கையுறையைக் கழற்றினான்.

கதவுப் பிரிவின் பழைய ஆட்கள் ஏழு பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.
பார்த்திருந்தால் போச்சு.
உள்ளே அவர் காத்திருந்தார்,
எங்களுக்குத் தெரிந்து முதல்முறையாக
ஒன்றும் சொல்லாமல்.

"எப்படி நடந்தது?" என்றாள் ரைலி.
"கதவு திறக்கவில்லை" என்றேன்.
மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.
பிறகு காபியை வைத்துவிட்டு
மேஜைக்குக் கீழே
ஒருமுறை குனிந்து பார்த்தாள்.