பைய

அழுவதற்கு ஹெல்மெட் நல்ல இடம்.
வண்ணார்பேட்டை சிக்னலில்
எண்பது நொடி கிடைக்கும்.
கண்ணாடியை இறக்கிவிட்டால்
பக்கத்து ஆட்டோக்காரருக்கு நான்
வெயிலுக்கு முகம் மூடிய ஒருத்தி.
பச்சை விழுந்ததும் நிறுத்திவிடப்
பழகியிருந்தேன்.

குடியாத்தத்திலிருந்து மாற்றல்.
பதவி உயர்வு என்றுதான் அனுப்பினார்கள்.
நானும் எல்லாருக்கும்
லட்டு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இங்கே எனக்கு முதலில் தெரியவந்தவை
தெருக்கள் இல்லை, எண்கள்.
ஆறு இரண்டு ஏழு, பூஜ்யம் பூஜ்யம்,
அதன்பின் ஒன்று என்றால் ஜங்ஷன்,
இரண்டு பாளையங்கோட்டை,
ஐந்து மேலப்பாளையம், ஆறு டவுண்.
ஓர் ஊரைக் கடைசி இலக்கமாக மட்டும்
தெரிந்துவைத்திருப்பவளை
அந்த ஊர் எப்படித் தெரிந்துவைத்திருக்கும்?

முதல் நாள், கார்த்திகை மழையில்
வழுக்கும் படிக்கட்டு.
இரண்டு தோளிலும் தபால் பைகளோடு
மேலே நின்ற வேதமுத்து சொன்னார்:
"பைய வாங்க மேடம்."
ஓடிப்போய் அவரிடமிருந்து
ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.
அவர் திகைத்தார். பிறகு
தபால் பிரிக்கிற கூடம் முழுக்கச் சிரித்தது.
மெதுவாக என்பதற்கு இங்கே
இப்படி ஒரு சொல் உண்டென்று
மாற்றல் உத்தரவில் யாரும் எழுதவில்லை.

அன்றிரவு நினைத்து நானும் சிரித்தேன்.
சொல்ல ஆளில்லாததால்
பாதியில் நின்றுபோனது.

என் கைக்குத் தெரிந்த சுவிட்ச் இடப்பக்கம்.
இந்த வீட்டில் வலப்பக்கம்.
மாதக்கணக்காய் இருட்டில்
வெறும் சுவரைத் தடவியிருக்கிறேன்.
என்ன கஷ்டம் என்று கேட்டால்
சொல்லும்படி ஒன்றுமில்லை.
சுவர் இருந்தது. சுவிட்ச் இல்லை.

வீட்டுக்காரம்மா சங்கரவடிவு
ஒரு ஞாயிற்றுக்கிழமை
தூக்குவாளியில் சொதி கொடுத்தனுப்பினார்.
தேங்காய்ப்பால் எனக்கு ஆகாது.
வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்து
"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.
அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் சொதி.
இந்த ஊரில் என் முதல் உறவு
பொய்யில்தான் தொடங்கியது.
இப்போது பாதி வாளி
உண்மையாகவே இறங்குகிறது.

ஆனியில் ஒரு மத்தியானம்
மேற்கிலிருந்து வந்த காற்று
ஜன்னல் கொக்கியைக் கழற்றி அடித்தது.
மழையா என்று கை நீட்டினேன்.
நனையவில்லை, குளிர்ந்தது.
"குத்தாலத்துல சாரல் விழுது" என்றார் வேதமுத்து,
கட்டின தபாலிலிருந்து தலை நிமிராமல்.
எங்கோ யார் தலையிலோ விழுவது
இத்தனை தூரம் தள்ளி
என் உள்ளங்கைக்குத் தெரிகிறது.

அப்புறம் ஒரு புதன்கிழமை
என் மேசைக்கு நானே வந்தேன்.
பழுப்பு உறை, எல்.ஐ.சி.
குடியாத்தம் முகவரி மேல் ஒரு கோடு.
பக்கத்தில் பழைய ஆபீஸ் முனிரத்தினத்தின்
சாய்ந்த கையெழுத்தில்
கு. தமயந்தி, பெருமாள்புரம்,
கடைசி இலக்கம் ஏழு.
அந்தக் கூட்டில் நாள்தோறும்
கை நிறைய அள்ளிப் போடுகிறேன்.
அங்கே எனக்கும் இடமிருப்பது
தோன்றியதே இல்லை.

யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
கைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.
விதி அப்படி இல்லை.
முத்திரை குத்தி ஏழில் போட்டேன்,
மற்றவர்களோடு.

மறுநாள் சாயங்காலம்
கதவிடுக்கில் செருகியிருந்தது.
பிரிக்கவில்லை. பிரீமியம் நோட்டீஸ்தான்.
நெடுநேரம் அங்கேயே
மேல் பக்கத்தைப் படித்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி தங்கை கூப்பிட்டாள்.
மகன் சைக்கிள் பழகுகிறானாம்,
முட்டியெல்லாம் சிராய்ப்பாம்.
"என்னடி அவசரம், பைய ஓட்டச் சொல்லு" என்றேன்.
"எந்தப் பை?" என்றாள்.

சொல்லலாம் என்று வாயெடுத்து,
அறை இருட்டிக் கிடப்பது அப்போதுதான் உறைத்து,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன்.
கை இன்னும்
இடப்பக்கம்தான் போகிறது.